பொருள்: வேனின் வைப்பர் இரண்டு

புத்த ஆண்டு 2562, ஜூன் மாதம் பத்தாம் நாள், திங்கட்கிழமை, காலை ஐந்து மணி நாற்பது நிமிடத்தில், ரனோங் மாகாணத்துத் தாலோம் துணை வட்டார அலுவலகத்துக்குச் சொந்தமான வெள்ளை வேன் மலைப்பாதையின் ஒன்பதாம் வளைவில் ஏறிக்கொண்டிருந்தபோது, ஓட்டுநருக்கு எதிரே இருந்த வைப்பரின் ரப்பர் பட்டை நுனியிலிருந்து ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்து தொங்கியது. அப்போது மழை பெய்துகொண்டிருந்தது. இதைத் தனியே குறிப்பிடக் காரணம், பின்னர் இது மறுக்கப்பட்டதே.

வேனில் ஓட்டுநர் தவினைத் தவிர நான்கு பேர் இருந்தனர். நால்வருக்கும் சிறுநீரகம் செயலற்றுவிட்டது. திங்கள், புதன், வெள்ளி ஆகிய மூன்று நாள்களிலும் காலை ஏழு மணிக்கு அவர்கள் நகர மருத்துவமனையில் டயாலிசிஸ் இயந்திரத்தின் அருகே இருக்கவேண்டும். ஏழே காலைத் தாண்டினால் நாற்காலி காத்திருப்போர் பட்டியலில் அடுத்துள்ளவருக்குப் போய்விடும். இதில் மருத்துவமனையின் கொடுமை எதுவுமில்லை. இயந்திரங்கள் ஆறு, இரத்தத்தைக் கழுவிக்கொள்ளவேண்டியவர்கள் நாற்பது.

தவினுக்கு வயது ஐம்பத்து மூன்று. பதினோர் ஆண்டுகளாக அந்தப் பாதையில் ஓட்டுபவர். அவர் வண்டியை ஓரமாக நிறுத்தி, சட்டைப்பையிலிருந்த புகையிலைத்தூளை மழைநீரில் நனைத்து, முன்கண்ணாடியில் அழுத்தித் தேய்த்தார். புகையிலைச் சாறு பட்ட கண்ணாடியில் மழைத்துளி நிற்காமல் வழுக்கி ஓடும். அவ்வாறு ஓடுவது கால்மணி நேரம்தான். மருத்துவமனை ஒருமணி நேரத் தொலைவில் இருந்தது.

முன்னிருக்கையில் லமாய் டீச்சர் இருந்தார். முப்பத்தாறு ஆண்டுகள் தொடக்கப்பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். தாலோமில் ஐம்பத்தைந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட எவருக்கும் அவரைக் கண்டால் இன்றும் கை தானாகக் கட்டிக்கொள்ளும்.

"ரோடு தெரியுதா தவின்?" என்று அவர் கேட்டார்.

"பாதி தெரியுது டீச்சர்."

"எந்தப் பாதி?"

"வெள்ளிக்கிழமை பார்த்த பாதி."

டீச்சர் எதிரே இருந்த விதிப்பலகையைப் படித்துக்கொண்டு வந்தார். அந்த வேனில் பயணிகளுக்கான விதிகள் இருபத்திரண்டும் பிளாஸ்டிக் உறையிட்டு ஒட்டப்பட்டிருந்தன. அவற்றிலிருந்த பிழைகளை டீச்சர் சிவப்பு மையால் உறையின்மேலேயே திருத்தி, அடியில் மதிப்பெண்ணும் இட்டிருந்தார்: இருபத்திரண்டுக்கு ஒன்பது. பிழையின்றி எழுதப்பட்ட ஒன்பதில் பதினேழாம் விதியும் ஒன்று. மழைக்காகப் பயணி கொண்டுவரும் நனையக்கூடிய பொருள்களை ஓட்டுநர் காட்டும் கொக்கியில் மாட்டவேண்டும். அவை பயணியின் உடைமை. அலுவலகத்துக்கு அவற்றில் உரிமையும் இல்லை, பொறுப்பும் இல்லை என்பது அவ்விதி. முன்னொரு முறை ஒரு குடை, அலுவலகத் தலைவரின் காலணிக்குள் நீர் வடித்துவிட்டதன் விளைவாக அது இயற்றப்பட்டது.

அன்று அவர்கள் ஏழு மணி பதினான்கு நிமிடத்துக்குப் போய்ச் சேர்ந்தனர்.

நோயாளிகளை வீட்டில் இறக்கிவிட்ட பிற்பகலே தவின் அலுவலகத்துக்குச் சென்றார். தாலோம் அலுவலகத்தில் எண் இல்லாத பொருள் இல்லை. அலமாரி, மேசை, மின்விசிறி, சோறு வடிக்கும் பானை, துடைப்பத்தின் கைப்பிடி என எல்லாவற்றிலும் வெள்ளை வண்ணத்தில் பதினான்கு இலக்க எண் எழுதப்பட்டிருக்கும். வாசலில் படுத்திருக்கும் நாயின் விலாவிலும் ஓர் எண்ணின் பாதி இருந்தது. ஈரம் காயாத அலமாரியில் அது சாய்ந்ததுதான் காரணம். ஆயினும் ஆண்டுக் கணக்கெடுப்பில் அந்த நாய் இருமுறை அலமாரியாகச் சேர்க்கப்பட்டது.

இவ்வெண்களுக்கெல்லாம் பொறுப்பானவர் பண்டகப் பிரிவின் தலைவி பனிதா. குரலை உயர்த்தாதவர். எவர் எதைக் கேட்டுச் சென்றாலும் முதலில் உட்காரச் சொல்லிக் குளிர்ந்த நீர் தருவார். அவரிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தவர்களில் பலர் அதைத் தவிர வேறெதையும் பெற்றதில்லை.

தவின் நீரைக் குடித்துவிட்டு, வைப்பர் கிழிந்துவிட்டது, இரண்டு புதியவை வேண்டும் என்றார்.

"வைப்பர்னா என்னண்ணே?" என்றார் பனிதா.

"கண்ணாடியில தண்ணி தள்ளுறது மேடம்."

"அது எனக்குத் தெரியும். நிலைப்பொருளா, தீர்பொருளா? ஒரு வருஷத்துக்கு மேல இருந்தா நிலைப்பொருள். சோப்பு மாதிரி கரைஞ்சு தீர்ந்தா தீர்பொருள்."

தவின் சற்று யோசித்து, கம்பி நிற்கும், ரப்பர் தேயும் என்றார். உண்மையைச் சொன்னால் வேலை எளிதில் முடியும் என்று நம்புகிற பழக்கம் அவருக்கு இருந்தது.

பனிதா பேனாவை மூடி வைத்தார். "அப்போ ஒரே பொருள் ரெண்டு பதிவேட்டுலயும் வருது. ரெண்டு பதிவேட்டுல வந்தா அது ரெண்டு பொருள். ரெண்டு வைப்பர்னா நாலு பொருள். நீங்க கேக்கறது ரெண்டு. மிச்ச ரெண்டுக்கு நான் யார்கிட்ட கையெழுத்து வாங்கறது?"

வட்டாரத் தலைமையகத்துக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பப்பட்டது. விடை வரும்வரை காலத்தை வீணாக்கக்கூடாது என்பதால், தேவை உண்மையானதா என்று ஆராய மூவர் குழுவொன்றும் அமைக்கப்பட்டது.

குழு ஜூன் இருபதாம் தேதி வியாழக்கிழமை நண்பகலில் வேனைப் பார்வையிட்டது. அன்று வெயில். முன்பே இருமுறை குறித்த நாள்களில் மழை பெய்ததால், உறுப்பினர்கள் நனையாதிருக்கும்பொருட்டு ஆய்வு தள்ளிவைக்கப்பட்டிருந்தது. வெயிலில் நிறுத்தும்போது வைப்பர்களைக் கண்ணாடியிலிருந்து தூக்கி நிறுத்திவைப்பது தவினின் வழக்கம். ரப்பர் சூட்டில் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளாதிருக்க, தன் தொழிலை மதிக்கும் ஓட்டுநர் எவரும் அவ்வாறே செய்வார். குழு அதைப் படமெடுத்துக்கொண்டு இவ்வாறு அறிக்கை தந்தது: "இரு வைப்பர்களும் எவர் துணையுமின்றி நிமிர்ந்து நிற்கின்றன. தளர்ச்சியேதும் காணப்படவில்லை. ஆய்வின்போது மழை இல்லை. ஆதலால் பத்தாம் தேதி மழை பெய்தது என்னும் ஓட்டுநரின் கூற்றை உறுதி செய்ய இயலவில்லை."

ரனோங்கில் ஆண்டுக்கு எட்டு மாதம் மழை பெய்கிறது. குழு எஞ்சிய நான்கு மாதங்களின் சார்பில் பேசியது.

தவின் அன்று மாலையே நகரத்து உதிரிப்பாகக் கடைக்குச் சென்று தம் சொந்தப் பணத்தில் இரண்டு வைப்பர்களை வாங்கினார். ஓட்டுநர் பக்கத்துக்கு இருபத்து நான்கு அங்குலம், மறுபக்கத்துக்கு இருபது. தம் வீட்டு வாசலில் முதலில் கண்ணாடியின்மேல் தடித்த துண்டொன்றை மடித்துப் போட்டார். பட்டை கழன்ற வெறும் கை, வில்லின் விசையோடு திரும்பி அறைந்தால் கண்ணாடி விரிசல் விடும். பிறகு பழைய பட்டையின் தாழை அழுத்திக் கீழே இழுத்து, கையின் கொக்கியிலிருந்து கழற்றினார். புதியதைக் கொக்கியில் கோத்து மேலே இழுத்தபோது சொடுக்கென்று ஓர் ஒலி கேட்டது. இரண்டுக்கும் சேர்த்து நான்கு நிமிடம் ஆயிற்று. அதன்பின் நாள்தோறும் விடியலில் ஈரத்துணியால் ரப்பரின் விளிம்பைக் கறுப்பு நீங்கும்வரை துடைத்துவிட்டு வண்டியை எடுத்தார். மலைப்பாதையில் மழை எப்படிப் பெய்தாலும் கண்ணாடியில் ஒரு கோடுகூட விழவில்லை. நோயாளிகள் ஏழு மணிக்கு முன்பே நாற்காலியில் அமர்ந்தனர். டீச்சர் வழியில் உறங்கக்கூடச் செய்தார்.

இந்த ஒழுங்கீனம் ஒரு மாதம் நீடித்தது.

ஜூலை இருபத்து மூன்றாம் தேதி ஆண்டுக் கணக்கெடுப்பு நடந்தது. பனிதா வேனைச் சுற்றி வந்து, வைப்பர்களின் அருகே நின்று, தவினை நிழலுக்கு அழைத்து நீர் கொடுத்தார்.

"இது யாருதுண்ணே?"

"என்னுதுதான் மேடம். நானே வாங்கிப் போட்டேன். ஆபீசுக்கு ஒரு செலவும் இல்ல."

"செலவு இருந்திருந்தா நான் பேசியே இருக்கமாட்டேன், அதுக்குக் கணக்குத் தலைப்பு இருக்கு. நீங்க நல்லது பண்ணலைன்னு நான் சொல்லலண்ணே. நல்லது பண்ண ஒரு படிவம் இருக்கு, அதை நிரப்பலைன்னுதான் சொல்றேன். படிவம் இல்லாம ஆளாளுக்கு நல்லது பண்ண ஆரம்பிச்சா, நாங்க எதுக்கு இருக்கோம்னு ஜனங்க கேக்கமாட்டாங்களா?"

தவினுக்கு இரண்டு வழிகள் காட்டப்பட்டன. ஒன்று, வைப்பர்களை அலுவலகத்துக்கு நன்கொடையாக அளிக்கலாம். ஆனால் நன்கொடைப் பொருள் பயன்படுத்தப்படாததாக இருக்கவேண்டும். மற்றது, அவற்றைக் கழற்றிக்கொண்டு, அலுவலகச் சொத்தான பழைய வைப்பர்களை இருந்த இடத்திலேயே இருந்த நிலையிலேயே பொருத்தவேண்டும். பழையவை கிழிந்தவை என்று தவின் நினைவூட்டினார். இருந்த நிலை என்பது அதுவே என்று பனிதா சொன்னார்.

பழைய வைப்பர்கள் தவின் வீட்டுக் கொல்லையில் இருந்தன. அவருடைய மனைவி சம்லீ அவற்றை மண்ணில் நட்டுக் காராமணிக் கொடியை ஏற்றிவிட்டிருந்தார். தவின் கொடியைப் பிரிப்பதை அவர் இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒரு மாசமா கவர்ன்மென்ட் சொத்து மேல என் காராமணி ஏறியிருக்கு. அதுக்கும் நம்பர் போட்டுருவாங்களா?" என்றார்.

"வாய மூடு. போட்டாலும் போடுவாங்க."

"போடட்டும். அப்புறம் தண்ணியும் அவங்களே ஊத்தட்டும்."

தாம் வாங்கியவற்றைத் தவின் செய்தித்தாளில் சுற்றி, சாமி மாடத்தின் பின்புறம் வைத்தார். வேனில் மீண்டும் கிழிந்த பட்டை ஏறியது. அதில் காராமணியின் இலையொன்றும் காய்ந்து ஒட்டியிருந்தது.

ஆகஸ்டில் தலைமையகத்தின் விடை வந்தது. வைப்பரை நிலைப்பொருளாகக் கொள்ளலாம். நிலைப்பொருள் வாங்க மூவர் கொண்ட குழுக்கள் மூன்று வேண்டும். ஒருவரே இரு குழுக்களில் இருக்கலாகாது. ஆக, ஒன்பது பேர். அலுவலகத்தில் ஓட்டுநர் நீங்கலாக எட்டுப் பேரே இருந்தனர். எனவே ஒன்பதாமவராகத் தவின், தன்மைகளை வரையறுக்கும் குழுவில் நியமிக்கப்பட்டார். வைப்பரைப் பயன்படுத்துபவர் என்பதால் அவருக்கு அதில் தன்னலம் உண்டு. ஆகவே வைப்பரைப் பற்றிய பேச்சு வரும்போதெல்லாம் அறையைவிட்டு வெளியேறவேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. குழு நான்கு முறை கூடியது. தவின் நான்கு முறையும் தம் சிற்றுண்டிப் பெட்டியைத் திறந்து, பன்னைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே சென்று நாயின் பக்கத்தில் அமர்ந்தார். பாதி பன் நாய்க்குப் போகும்.

ஒரே ஒரு முறை அவரை உள்ளே அழைத்தனர். ஒரே வேனின் இரு வைப்பர்களிடையே நான்கு அங்குல வேறுபாடு பாராட்டுவது முறையன்று எனக் கருதி, இரண்டுக்கும் இருபத்திரண்டு அங்குலம் எனக் குழு முடிவு செய்திருந்தது. அப்படிச் செய்தால் நடுவில் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் என்றார் தவின். "சமநிலை ஏற்படுத்தினால் மோதல் உண்டாகும் என ஓட்டுநர் எச்சரித்தார்" என்று குறிப்பேட்டில் எழுதப்பட்டது. காவல் நிலையத்துக்கு ஒரு படி அனுப்பலாமா என்றும் ஆலோசிக்கப்பட்டது. இறுதியில், அமைதியை முன்னிட்டுப் பழைய அளவுகளே ஏற்கப்பட்டன.

செப்டம்பர் நான்காம் தேதி புதன்கிழமை, ஒன்பதாம் வளைவில் மழை சுவர்போல் இறங்கியது. கிழிந்த பட்டை ஒவ்வொரு வீச்சிலும் நீரைத் துடைப்பதற்கு மாறாகக் கண்ணாடி முழுதும் பூசியது. புகையிலை தீர்ந்துவிட்டது. வலப்புறம் பள்ளம். தவின் கதவுச் சாளரத்துக்கு வெளியே தலையை நீட்டி நூறு கெஜம் ஓட்டிப் பார்த்தார். எதிரே வந்த மரலாரி ஒரு முழ இடைவெளியில் கடந்து சென்றபின் வண்டியை நிறுத்திவிட்டார். இரண்டு மணி நேரம் அங்கேயே நின்றனர்.

மருத்துவமனையில் நாற்காலிகள் போய்விட்டிருந்தன. நால்வரும் அடுத்த முறைக்காகப் பிற்பகல்வரை நடைவழியின் பலகையில் காத்திருந்தனர். லமாய் டீச்சரின் கால்கள் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை. செருப்புகளை மடியில் வைத்துக்கொண்டு, மூன்று சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினார். தவின் அவர்முன் தரையில் குந்தி, தலையைக் குனிந்துகொண்டார்.

"உன்மேல தப்பில்ல," என்றார் டீச்சர். சற்று நிறுத்திக் காற்றை இழுத்தார். "இன்னும் ரெண்டு தடவை இப்படி ஆச்சுன்னா, எனக்கு மலர்வளையம் வாங்க ஒரு குழு போடுவாங்க. அதுலயும் ஒம்பதாவது ஆள் நீதான். வளையத்தைப் பத்திப் பேசறப்ப மட்டும் வெளிய போயிடு."

மறுநாள் தவின் அலுவலகத் தலைவர் நரோங்கின் அறைக்கே நேரில் சென்றார். பதினோர் ஆண்டுகளில் அவர் அவ்வாறு செய்தது அதுவே முதல்முறை. நடந்ததைச் சொல்லி, மனிதர் செத்துப்போவார்கள் என்றும் சொன்னார். தலைவர் பொறுமையாகக் கேட்டார். அவருக்குப் பின்னால் சுவரில், பல திறப்பு விழாக்களில் அவர் கட்டைவிரலை உயர்த்திக்கொண்டு நிற்கும் படங்கள் இருந்தன.

"தவின், மழைங்கறது மேல இருந்து வர்றது," என்றார் தலைவர். "என் முப்பது வருஷ சர்வீஸ்ல மேல இருந்து வர்ற எதையும் நான் கேள்வி கேட்டதில்ல. அதனாலதான் இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன். உன் வேன் நின்னுது, ஒத்துக்கறேன். ஆனா நம்ம ஃபைல் நிக்கவே இல்ல பாத்தியா? ஒரு நாள்கூட நிக்கல. நகர்ந்துகிட்டே இருக்கு."

ஃபைல் செப்டம்பர் மாதம் முழுதும் நகர்ந்தது. தவின் ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு பொட்டலம் புகையிலை வாங்கினார். மழை வலுத்த நாள்களில் நால்வரையும் காலை நான்கு மணிக்கே எழுப்பி ஏற்றி, வளைவுக்கு வளைவு நிறுத்தி, கண்ணாடியைத் தேய்த்துத் தேய்த்துக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

செப்டம்பர் முப்பதாம் தேதி அரசின் நிதியாண்டு முடிகிறது. அன்றைக்குள் செலவாகாத ஒதுக்கீடு திரும்பிப் போய்விடும். நான்கு மாதங்களாக நகர்ந்துகொண்டிருந்த ஃபைல் இருபத்தேழாம் தேதி ஓடத் தொடங்கியது. முப்பதாம் தேதி, திங்கட்கிழமை, பிற்பகல் மூன்று மணி ஒன்பது நிமிடம் என்னும் நல்ல நேரத்தில், வைப்பர்களை வேனுக்கு அளிக்கும் விழா நடந்தது.

வேனைவிட நீளமான வினைல் பதாகை கட்டப்பட்டது. அதில் தலைவரின் முகம் முன்கண்ணாடியின் அளவில் இருந்தது. வைப்பர்கள் மூலையில் இரண்டு மீன்முட்களைப்போல் இருந்தன. வைப்பர்களின் இரு நுனிகளையும் இணைத்துப் பட்டு நாடா கட்டி, தட்டில் கத்தரிக்கோல் கொண்டுவந்து, தலைவர் நாடாவை வெட்டினார். ரப்பரும் வெட்டுப்பட இருந்தது. தவின் கையை நடுவில் வைத்துத் தடுத்தார். எல்லோரும் கட்டைவிரலை உயர்த்திப் படமெடுத்துக்கொண்டனர். தவினின் கட்டைவிரலில் கட்டுப்போட்டிருந்தது.

பின்னர் பனிதா, சொத்து எண்ணைத் தம் கையாலேயே எழுதினார். வைப்பரின் சட்டம் ஒடுக்கமானது; பதினான்கு இலக்கங்களுக்கு அதில் இடமில்லை. ஆகவே ரப்பரின் விளிம்பு நெடுக, எண்ணெய் வண்ணத்தில், மிகத் திருத்தமாக எழுதி முடித்தார்.

அடுத்து, வேனுக்கு ஆசி வழங்குவதற்காக மலையடிவாரத்து மடத்தின் மூத்த துறவி அழைத்துவரப்பட்டார். அவர் வழக்கம்போல வேனுக்குள் ஏறி, ஓட்டுநரின் தலைக்குமேல் கூரையில் வெண்சாந்துப் பொட்டு வைக்கப் போனார். உள்ளே வைத்தால் படத்தில் விழாது என்று தலைவர் பணிவுடன் தெரிவித்தார். துறவி இறங்கிவந்து, தலைவர் காட்டிய இடத்தில், முன்கண்ணாடியின் வெளிப்புறம், ஓட்டுநரின் கண்ணுக்கு நேராக, ஒன்பது பொட்டுகளை வைத்தார்.

"மழை பேஞ்சா போயிடுமேப்பா," என்றார் அவர்.

"போகவிடமாட்டோம் சாமி," என்றார் தலைவர்.

"போனா போகட்டும். சாந்துதானே? நான் வண்டிக்குத்தான் ஆசி சொன்னேன், கண்ணாடிக்குச் சொல்லல."

சாமி தன்னடக்கத்தால் அப்படிச் சொல்வதாகத் தலைவர் கூடியிருந்தவர்களுக்கு விளக்கினார். மாலை நான்கரை மணிக்கு எழுத்துமூலமான ஆணை வந்தது. வேனைக் கொட்டகையில் நிறுத்தவேண்டும். புதிய வைப்பர்களை இயக்கக்கூடாது. இயக்கினால் ஆசிச்சாந்து அழியும், அது அவமதிப்பு. மேலும், ரப்பர் கண்ணாடியில் உரசினால் சொத்து எண் அழியும், அரசு எண்ணை அழிப்பது ஒழுங்கு நடவடிக்கைக்குரிய குற்றம். மழை இல்லாத நாள்களில் வேன் வழக்கம்போல் ஓடலாம்.

தவின் ஆணையை இருமுறை படித்தார். அடுத்த பயணம் நாளை மறுநாள், புதன்கிழமை. வானிலை அறிவிப்பில் அந்த வாரம் முழுதும் மழை. பழைய வைப்பர்களையாவது போட்டுக்கொள்ளலாம் என்றால், அவை விழாவுக்கு முன்பே மூவர் கையொப்பத்துடன் எரிக்கப்பட்டுவிட்டன. அவர் நேரே லமாய் டீச்சரின் வீட்டுக்குச் சென்று ஆணையைக் கொடுத்தார். டீச்சர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். பழக்கத்தால் இரண்டு இடங்களில் திருத்தினார்.

"நீ வாங்கினியே, அந்த ரெண்டும் எங்க?"

"சாமிக்குப் பின்னாடி இருக்கு டீச்சர்."

"எனக்குக் குடுத்துடு. கடனா இல்ல, தானமா இல்ல. குடுத்துடு, அவ்வளவுதான்."

மறுநாள், அக்டோபர் முதல் தேதி செவ்வாய்க்கிழமை, புதிய நிதியாண்டின் முதல் கூட்டம். பொதுமக்கள் பங்கேற்கலாம் என்று அறிவிப்பில் அச்சிடுவது வழக்கம். எவரும் பங்கேற்பது வழக்கமன்று. லமாய் டீச்சர் ஒரு நீளப் பையுடன் வந்து முதல் வரிசையில் அமர்ந்தார். அவரிடம் படித்தவர்களான ஐந்து அலுவலர்களும் எழுந்து நின்றனர். தலைவரும் பாதி எழுந்தார், இரண்டாம் வகுப்பில் அவரும் டீச்சரிடம் படித்தவர்.

புதிய வைப்பர்களைப் பாராட்டி ஒரு தீர்மானம் நிறைவேறியது. அவற்றைக் காப்பது எவ்வாறு என்பது அடுத்த பொருள். வெயிலும் மழையும் படாமல் கண்ணாடிப் பேழையில் வைத்துவிடுவதே பாதுகாப்பு என்று பனிதா முன்மொழிந்தார். மாகாண அளவில் சொத்துப் பராமரிப்புக்கான விருது அந்த ஆண்டு அறிவிக்கப்பட இருந்தது. அனைவரும் ஏற்றனர்.

டீச்சர் கையை உயர்த்தினார். வேனிலிருந்து கழற்றிக்கொண்டு வந்திருந்த விதிப்பலகையை மேசைமேல் வைத்து, பதினேழாம் விதியைப் படிக்குமாறு தலைவரைக் கேட்டார். தலைவர் எழுந்து நின்று படித்தார்.

"நிறுத்திப் படி," என்றார் டீச்சர். தலைவர் மறுபடியும் படித்தார்.

டீச்சர் பையைத் திறந்து இரண்டு வைப்பர்களை மேசைமேல் வைத்தார். "இது என் பொருள். மழைக்காகத்தான் எடுத்துட்டு வரேன். மழையில நனையும். விதிப்படி டிரைவர் காட்டுற கொக்கியில மாட்டணும். தவின், எந்தக் கொக்கி?"

தவின் தம் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு குழுவின்முன் அறையைவிட்டு வெளியேறாமல் பேசினார். "வெளிய ரெண்டு கை இருக்கு டீச்சர். அதோட நுனியில ஒரு கொக்கி இருக்கு."

பனிதா விதியை எடுத்து மும்முறை படித்தார். அதில் கொக்கி வேனுக்கு உள்ளே இருக்கவேண்டும் என்று எங்கும் இல்லை. "நீங்க மாட்டுவீங்க சரி, டீச்சர். ஆனா அது ஆடுமே?" என்று மெல்லக் கேட்டார்.

"ஓடுற வண்டியில மாட்டின எந்தக் குடைதான் ஆடல?"

"சாந்து அழியுமே டீச்சர்," என்றார் தலைவர்.

"அழியும். அலுவலகத்துப் பொருளால அழிஞ்சா உனக்குப் பாவம். என் பொருளால அழிஞ்சா எனக்கு. நரோங், எனக்கு எழுபத்து ஒண்ணு ஆகுது, சிறுநீரகம் ரெண்டும் போச்சு. அந்தப் பாவத்தை நான் பாத்துக்கறேன். நீ எழுது."

பனிதா மீண்டும் விதியைப் பார்த்தார். அதில் அலுவலகத்துக்குப் பொறுப்பில்லை என்னும் தொடரின்மேல் அவர் விரல் சற்று நேரம் நின்றது. பின்னர் அவர் பேனாவின் மூடியைத் திறந்தார்.

அன்றைய கூட்டத்தில் தீர்மானிக்கப்பட்டவை பின்வருமாறு. அலுவலகத்தின் வைப்பர்கள் இரண்டும் வேனிலிருந்து கழற்றப்பட்டு, தலைவரின் அறையில் கண்ணாடிப் பேழையில் வைக்கப்படும். அவை நல்ல நிலையில் உள்ளன என்று ஓட்டுநர் மாதந்தோறும் பார்த்துக் கையொப்பமிடுவார். பயணி லமாய், மழைக்கான தம் உடைமையை ஏறும்போது ஓட்டுநர் காட்டும் கொக்கியில் மாட்டி, இறங்கும்போது எடுத்துச் செல்லலாம். அவர் வர இயலாத நாளில் மற்ற மூவருள் ஒருவர் அதைத் தம் உடைமையாகக் கொண்டுவரலாம். அவ்வுடைமையால் அழியும் எதற்கும் அலுவலகம் பொறுப்பன்று. பயணப் பதிவேட்டில் பயணியின் மழைப்பொருள் என்னும் பத்தி தவறாமல் நிரப்பப்படவேண்டும்.

அதன்படி அக்டோபர் இரண்டாம் தேதிக்கான பக்கத்தில் தவின் எழுதியிருப்பது: பயணி, நால்வர். வானிலை, கனமழை. மழைப்பொருள், துணியில்லாத குடை இரண்டு. கொக்கி, வெளிப்புறம். மருத்துவமனையை அடைந்த நேரம், ஆறு மணி ஐம்பத்திரண்டு.